பழுது என்று தொங்கிய போர்டு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் ‘இருக்கட்டும்’. எதைக் காட்டித் தூக்கிப் போடலாமா என்று கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான். மூடி இல்லாத பிளாஸ்க்கா, இருக்கட்டும். பிளாஸ்க் இல்லாத மூடியா, அதுவும் இருக்கட்டும். அந்த மூடி இந்த பிளாஸ்க்குக்குப் பொருந்தாது என்று கையில் வைத்துத் திருகிக் காட்டினாலும், “பரவாயில்ல, இருக்கட்டும்.” அவர் படி ஏறும்போது பிள்ளைகள் பின்னால் நின்று, “அங்கிள், உங்க செருப்பு அறுந்திருக்கு” என்று கத்துவார்கள். திரும்பிப் பார்க்காமலே “இருக்கட்டும்” என்பார். பிள்ளைகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவருக்கும் சிரிப்பு வரும். காட்டிக்கொண்டால் ஆட்டம் கலைந்துவிடும் என்று முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு ஏறிப் போய்விடுவார்.

வேலை, லிப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறார், தான் மட்டும் அதே மூன்றாவது மாடியில் இருக்கிறார். தோள்பையில் ஸ்பேனர், டெஸ்டர், கிரீஸ் டப்பா, எண்ணெய் ஊறிய பழைய துணி. கூடவே ஒரு மஞ்சள் போர்டு. ‘பழுது. பயன்படுத்த வேண்டாம்.’ மேலே சின்னச் சங்கிலி, எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம்.

அந்த போர்டு விஷயத்தில் மட்டும் மனுஷன் ரொம்பக் கறார். ஒருமுறை பெரிய ஓட்டல் ஒன்றின் மேனேஜர், யாரோ முக்கியமானவர் வருகிறார், அவருக்கு மட்டும் லிப்ட் வேண்டும், மற்றவர்கள் படியேறட்டும், ஒரு மணி நேரம் போர்டை மாட்டுங்கள் என்றார். “லிப்ட் நல்லா ஓடுதே சார்.” “அது எனக்கும் தெரியும்ப்பா, சும்மா மாட்டு.” இவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு தடவை பொய்யா மாட்டினா, அடுத்த தடவை நிஜமா மாட்டும்போது எவனும் நம்ப மாட்டான் சார். கயிறு அறுந்து விழுவான்.” அந்த ஓட்டல் வேலை அதோடு போயிற்று. வீட்டில் திட்டு விழும் என்று பயந்துகொண்டே வந்து சொன்னார். வீட்டுக்காரி திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம், மாடியில் துணி காயப்போடுகிறவளிடம், தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், எல்லா இடத்திலும் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்தாள். “எங்க வீட்டுக்காரர் பொய் போர்டு மாட்ட மாட்டார்.”

அவர்களுக்கு ஒரே பையன். பிறக்கும்போதே கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, வலக்கையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. வாய் மட்டும் நாலு பேருக்குப் போதுமான அளவுக்கு வேலை செய்தது. அவனுக்குப் பத்து வயதானபோது ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட இருந்த சக்கர நாற்காலிச் சட்டம் ஒன்றை அம்மா கேட்டு வாங்கி வந்தாள். மிச்சத்தை அப்பா பார்த்துக்கொண்டார். இடக்கையால் போடும்படி பிரேக்கை மாற்றினார். கால் வைக்கும் பலகை, லிப்ட் வாசலில் பதிக்கும் அலுமினியத் தகடு. பையன் வளர வளர இருக்கையை அகலப்படுத்தினார், முதுகை உயர்த்தினார். கடைசியாக, உடைக்கப் போன ஒரு பழைய லிப்ட்டிலிருந்து மணியைக் கழற்றி வந்து பேட்டரியோடு கைப்பிடியில் பொருத்தினார்.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்குத் தள்ளினால், ‘டிங்’. “கூடம். இறங்குறவங்க இறங்கலாம்.” குளியலறை வாசலில் ‘டிங்’. “தரைத்தளம். ஈரமா இருக்கும், பாத்துப் போங்க.” சொந்தக்காரர் யாராவது வந்து அவன் தலையைத் தடவி, “அய்யோ பாவம்” என்று உச்சுக்கொட்டினால் ‘டிங்’. “மன்னிக்கவும். இந்த லிப்ட்டுல பாவத்துக்கு இடமில்ல. எடை கூடிப்போச்சு.” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள்.

பத்தொன்பது வயதில், ஒரு சாதாரணச் சளி நெஞ்சுக்குள் இறங்கியது. ஒன்பது நாள். அவ்வளவுதான்.

பதினாலு மாதமாக நாற்காலி கூடத்து மூலையில் ஜன்னலைப் பார்த்து நின்றது. இவர் வேலைக்குப் போகும்முன் அதைத் துடைப்பார், இடது சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். வீட்டுக்காரி அதைச் சுற்றிக்கொண்டு நடப்பாள். கூடம் சின்னது, சுற்ற இடமில்லை, வாரத்துக்கு இரண்டு தடவை கால் சுண்டுவிரலை இடித்துக்கொள்வாள். இடித்ததற்கு அழுகிறாளா வேறெதற்காவது அழுகிறாளா என்று கேட்கிற தைரியம் இவருக்கு இல்லை.

குடியிருப்பில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சாமான் மாற்று நாள் வரும். வண்டி நிறுத்தும் இடத்தைப் பெருக்கிப் பாய் விரித்து, வேண்டாததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம். நடத்துவது சங்கச் செயலாளர் அக்கா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. மூன்று விதி. விலை பேசக் கூடாது. யார் வைத்தது, யார் எடுத்தது என்று கேட்கக் கூடாது, வைத்ததைத் திரும்பக் கேட்கவே கூடாது. ஐந்து மணிக்கு விசில் ஊதும்போது மிச்சம் கிடப்பதை வைத்தவரே வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.

“இந்தத் தடவை நாற்காலிய வச்சிடலாங்க” என்றாள் வீட்டுக்காரி, துணி மடித்துக்கொண்டே. ஆஸ்பத்திரியில் நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிற கை. வீட்டிலும் மூலைக்கு மூலை பிசகாமல் மடிக்கும்.

“இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“இருக்கட்டும்னா இருக்கட்டும். சோறா கேக்குது?”

“என்னைப் பாக்குதுங்க.” மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். “நான் காலைல எந்திரிச்சு வந்தா அது உக்காந்து என்னையே பாக்குது. நீங்க வேலைக்குப் போயிடறீங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற வரைக்கும் நானும் அதுவும்தான்.”

“ஜன்னல் பக்கம்தானே திருப்பி வச்சிருக்கேன்.”

“முதுகாலயும் பாக்குது.”

அவர் வழக்கமான வார்த்தையை எடுத்தார், பாதியில் விட்டுவிட்டார். அவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்கயாவது ஒரு பிள்ளைக்கோ பெரியவருக்கோ ஆகும். ஓடுற பொருளு. நம்ம வீட்ல நின்னுட்டே இருக்கு.”

“சரி” என்றார்.

அந்தச் ‘சரி’ வாயிலிருந்து வந்ததே தவிர ஆளிடமிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் நாற்காலியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பிரேக்கைப் போட்டார், எடுத்தார், போட்டார். பிறகு இருவருமாக லிப்ட்டில் இறக்கினார்கள். லிப்ட் தரைத்தளத்தில் ‘டிங்’ என்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கீழே திருவிழாக் கூட்டம். போன தடவை யாரோ எடுத்துப்போன யானை முகப் பூச்சாடி இந்தத் தடவையும் வந்திருந்தது. அது ஐந்தாவது தடவையாக வருகிறது, ஐந்தும் வேறு வேறு வீடு. அதை எடுத்துப் போகிறவர் எவருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் அதைச் சகிக்க முடிவதில்லை. ஒரு கால் குட்டையான மேஜை, ஒரு ஆள் மட்டும் தூங்கக்கூடிய இரட்டைப் பாய், பாட்டுப் பாடும் கடிகாரம், பாடுவதை நிறுத்தத் தெரியாத அதே கடிகாரம். நாற்காலியை ஒரு தூணோரமாக நிறுத்தினார். வீட்டுக்காரி துணிப் பாய்க்குக் காவல் என்று செயலாளர் அக்கா விசிலாலேயே உத்தரவு போட்டார்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, இரண்டு வாண்டுகள் நாற்காலியில் ஏறிவிட்டார்கள். ‘டிங்’.

இவர் மணியைக் கையால் பொத்தினார். “டேய், இறங்குங்கடா.”

“சும்மாதானே அங்கிள் வச்சிருக்கீங்க?”

சும்மாதான் வைத்திருக்கிறார். அதுதான் பிரச்சினை. இனி எவன் வேண்டுமானாலும் அதில் உட்காரலாம், எவன் வேண்டுமானாலும் டிங் அடிக்கலாம். யாராவது இதைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போவார்கள், இவர் இங்கே பூச்சாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது கைபேசி அடித்தது. நாலு தெரு தள்ளி ஓர் அலுவலகக் கட்டடம். லிப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மூன்று பேர்.

பையை எடுத்தார். பைக்குள் மஞ்சள் போர்டு தெரிந்தது. அவருக்கு மூன்றாவது விதி ஞாபகம் வந்தது. மிச்சம் கிடப்பது வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரி யாருக்கோ சட்டையின் தோள் அளந்துகொண்டிருந்தாள். போர்டை எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினார். ஒரு நொடி வேலை. ஆனால் சங்கிலி கொக்கியில் விழாமல் இரண்டு தடவை நழுவியது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கொக்கி அவரிடம் நழுவியதே இல்லை.

அலுவலகக் கட்டடத்தில் மூன்று பேரையும் கதவு வழியாகப் பேசிப் பேசியே அமைதியாக்கி வெளியே இழுத்தார். வந்தவர்களில் தொப்பை வைத்தவர் சண்டைக்கு நின்றார். “கீழ ஒரு போர்டு மாட்டக் கூடாதாய்யா? போர்டு இருந்தா ஏறியிருப்போமா?” பழுது பார்க்கும்போது மாட்ட இவரிடமும் போர்டு இல்லை. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்துப் பேனாவால் எழுதி ஒட்டினார். அதை எவரும் மதிக்கவில்லை, ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து பித்தானை அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் கிணறு போன்ற லிப்ட் குழிக்குள்ளிருந்து இவர் கத்தினார்.

திரும்பி வரும்போது ஐந்தரை. விசில் ஊதியாகிவிட்டது. பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யானைப் பூச்சாடிகூடப் போயிருந்தது. தூணோரம் நாற்காலி இல்லை. மஞ்சள் போர்டு மட்டும் தூணில் சாய்ந்து நின்றது.

“அக்கா, அந்த நாற்காலி...”

“போயிடுச்சு.”

“யாரு எடுத்தா?”

அக்கா விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். “ரெண்டாவது விதி என்ன?”

மாடிக்குப் போனார். வீட்டுக்காரி கூடத்து மூலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பதினாலு மாதத் தூசி ஒரு சதுரமாக நின்றது, அதன் நடுவே நாலு சக்கரத் தடம்.

“பிரேக்கு போயிடுச்சாங்க?” என்றாள். “என்கிட்ட சொல்லவே இல்லயே. காலைல அவ்வளவு நேரம் உக்காந்து பாத்தீங்களே, அப்பவா தெரிஞ்சுது?”

“ம்.”

“ஒரு பொண்ணு வந்தாங்க. கடைசி பிளாக், ரெண்டாவது மாடி. அவங்கப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சாம். வலது பக்கம். நம்ம நாற்காலியப் பாத்துட்டு, பிரேக்கு இடது பக்கம் இருக்கேன்னு அப்படியே நின்னுட்டா. போர்டைக் காட்டி என்கிட்ட கேட்டா, ‘அக்கா, இது நிஜமாவே பழுதா, யாராச்சும் விளையாட்டுக்கு மாட்டினதா’ன்னு.” துடைப்பத்தைத் தட்டினாள். “நான்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் மாட்டினது, அவர் பொய் போர்டு மாட்ட மாட்டார், பிரேக்கு இல்லாத வண்டில அப்பாவ உக்கார வச்சுடாதம்மான்னு. பாவம், கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போயிட்டா.”

இவர் செம்பை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்தார்.

“அப்புறம் தண்ணி கேன் தம்பி வந்து, பழுதானதுதானே, சக்கரம் எனக்கு ஆகும்னு தள்ளிட்டுப் போச்சு.”

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் தண்ணீர்க் கடைக்குப் போனார். கேன்காரர் நாற்பது வயது ஆள், எல்லோருக்கும் தம்பிதான். கடை வாசலில் புதிய தள்ளுவண்டி நின்றது. இரும்புப் பலகைக்குக் கீழே அந்த இரண்டு பெரிய சக்கரம். அச்சை நீளத்துக்கு வெட்டி, பற்றவைத்துச் சேர்த்திருந்தது. பற்றவைத்த இடம் இன்னும் நீலமாக இருந்தது. கைப்பிடியில் மணி.

“வாங்க சார்! உங்களுதாமே?” கேன்காரர் சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். காய்த்துப்போன தோல், மாட்டின் கழுத்து மாதிரி. “பதினோரு வருசமா இந்தத் தோள்தான் சார் எனக்கு வண்டி. நேத்தே பற்றவச்சுட்டேன். இன்னிக்குக் காலைல முதல் தடவையா கேனைத் தோள்ல வைக்காம அறுபது வீடு முடிச்சேன். என்னா சக்கரம் சார்! யாரு எண்ணெய் போட்டு வளத்தாங்க?”

திரும்பக் கேட்கலாமா என்று இவர் நினைத்தது உண்மை. விதிக்குப் பயந்து கேட்காமல் விடவில்லை. அந்தத் தோளைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை.

“மிச்சமெல்லாம்?”

“இருக்கையா? சட்டத்த ரெண்டா வெட்டிட்டேன் சார். பின்னால கிடக்கு. எதுக்கு உங்களுக்கு?”

“இருக்கட்டும்” என்றார்.

அந்த இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு அவர் மூன்று மாடி ஏறி வந்ததைப் பார்த்த பிள்ளைகள் யாரும் அன்றைக்குச் செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவ்வளவு சுமையோடும் அவர் லிப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினார். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்த வீட்டுக்காரி துண்டுகளைப் பார்த்தாள். பிரேக் கம்பி ஒரு துண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதை அழுத்தினாள். ‘டக்’கென்று பிடித்தது. எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். பிடித்தது.

“இது நல்லாத்தானே இருக்கு.”

அவர் செருப்பைக் கழற்றினார்.

“ஏங்க. இது நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் எடுக்காம இருந்தா வீட்டுக்கே வந்துடும்னு... ஒரு நாளைக்குத்தானேன்னு...”

அவள் கத்துவாள் என்று பார்த்தார். பாத்திரம் பறந்தால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலை முந்தானையை எடுத்து மடித்தாள், மூலைக்கு மூலை.

“போர்டு மாட்டினது நீங்க. சரி. ஆனா பொய்ய என் வாயால சொல்ல வச்சுட்டீங்களே. அந்தப் பொண்ணு கண்ணப் பாத்துச் சொன்னேங்க நான்.”

மடித்ததைப் பிரித்துவிட்டு, “கடைசி பிளாக்கு, ரெண்டாவது மாடி” என்றாள். “போய்ச் சொல்லுங்க. நான் வரமாட்டேன்.”

போனார். கையில் அளவு டேப். கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம், தையல் நூல் தோளில் ஒட்டியிருந்தது. உள்ளே அவளுடைய அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நாற்காலியின் நாலு காலுக்கும் பழைய துணி கட்டியிருந்தது. இழுத்தால் வழுக்கிப் போவதற்காக. தரையில் குளியலறை வரைக்கும் ஒரு தடம் பளபளவென்று தேய்ந்து கிடந்தது.

“லிப்ட்டுக்கா? லிப்ட் நல்லாத்தான் ஓடுது” என்றாள்.

“இல்லம்மா. நேத்து அந்த நாற்காலி... போர்டு மாட்டினது நான்தான். அது பழுதில்ல.”

“பழுதில்லயா?”

“இல்ல.”

“அப்ப இப்ப அது எங்க?”

“வெட்டிட்டாங்க.”

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயின் ஒரு பக்கத்தால் என்னவோ கேட்டார். “ஒண்ணுமில்லப்பா” என்றாள்.

“சட்டத்தச் சேத்துப் பற்றவைக்கலாம். சக்கரம் வேற தேடணும். அளவு எடுத்துக்கட்டுமா?”

“எத்தனை நாளாகும்?”

“மூணு வாரம். சக்கரம் கிடைச்சா.”

“நேத்துக் கிடைச்சிருக்கும்” என்றாள். கதவைவிட்டு விலகி வழிவிட்டாள்.

பெரியவர் முன்னால் மண்டி போட்டு டேப்பைப் பிடித்தார். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம், தோளகலம். எழுதப் பேனாவை எடுக்கும்போது பழக்கதோஷத்தில் கை முதலில் வேறு ஒருவனின் அளவை எழுதியது. அடித்துவிட்டு எழுதினார்.

மூன்று வாரம் ஐந்து வாரமாயிற்று. கிடைத்த சக்கரங்கள் ஒன்றுக்கொன்று அரை விரற்கடை வித்தியாசம். நாற்காலி நேரே போகாமல் இடப்பக்கம் இழுக்கிறது. அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, இவரும் எதிர்பார்க்கவில்லை. வாரம் ஒரு நாள் போய்த் திருகு இறுக்கிவிட்டு வருகிறார். பெரியவர் மட்டும் இவரைக் கண்டால் இடக்கையால் பிரேக்கை அழுத்தி, வேலை செய்கிறது என்று காட்டுகிறார்.

மஞ்சள் போர்டைப் பையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் புதிதாக ஒன்று கேட்டு வாங்கினார். பழையது என்னாச்சு என்றார்கள். பழுது என்றார்.

வீட்டுக்காரி பேசுகிறாள். சாப்பிட்டீங்களா, குடை எடுத்தீங்களா. சலவைக்கூடத்தில் எங்க வீட்டுக்காரர் என்று ஆரம்பிக்கும் அந்தக் கதையை மட்டும் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. கூடத்து மூலையில் இப்போது நடக்க இடமிருக்கிறது. அவள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வரும். லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். வராந்தாவில் அந்தச் சக்கரங்கள் மெதுவாக உருண்டு வரும், இடதுபக்கத்துச் சக்கரம் இப்போது லேசாகக் கீச்சிடுகிறது. எண்ணெய் விட ஆளில்லை. இருவரும் செய்கிற வேலையை நிறுத்திவிடுவார்கள். அவர் சட்டைப் பித்தானில் கை வைத்தபடி நிற்பார், அவள் அடுப்படியில் கரண்டியோடு நிற்பாள்.

வாசலில் வந்து ‘டிங்’ என்று அடிக்கும்.

அதற்கப்புறம் ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

“தண்ணீ!” என்பார் கேன்காரர்.

அவள் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போவாள். இவர் பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார் இன்றைக்கு. வராந்தாவில் மண்டி போட்டு, இடது சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு சொட்டு விட்டார்.

“எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்?” என்றார் கேன்காரர்.

“இருக்கட்டும்” என்றார். அவள் பக்கத்தில் கேனோடு நின்று, சக்கரம் சுற்றி நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.